வலியும் வலியின் அடையாளமும்: நடத்தைவாதம் பிடித்ததும் தவறவிட்டதும்

“பவுலுக்குப் பல் வலிக்கிறது.” இந்த ஒரு வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று 1935-இல் கார்ல் ஹெம்பல் என்ற ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். அவர் போட்ட பட்டியல் இப்படிப் போகிறது: பவுல் அழுகிறார், இன்னின்ன விதமாகக் கையை ஆட்டுகிறார். “என்ன ஆச்சு?” என்று கேட்டால் “பல் வலிக்குது” என்கிறார். வாயைத் திறந்து பார்த்தால் சொத்தைப் பல் ஒன்றில் உள்கூழ் வெளியே தெரிகிறது. இரத்த அழுத்தமும் செரிமானமும் மாறியிருக்கின்றன. நரம்பு மண்டலத்தில் இன்னின்ன மாற்றங்கள் நடக்கின்றன. அவ்வளவுதான். இவை எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கலாம். இவற்றுக்கு மேல் அந்த வாக்கியம் எதையும் சொல்லவில்லை என்றார் ஹெம்பல்.

படிக்கிற யாருக்கும் உடனே கேட்கத் தோன்றும்: எல்லாம் சரி, வலி எங்கே?

தத்துவத்தில் நடத்தைவாதம் என்று அழைக்கப்படும் இந்தச் சிந்தனையை இன்றைய பாடநூல்கள் இரண்டு பத்தியில் அறிமுகப்படுத்தி மூன்றாவது பத்தியில் புதைத்துவிடுகின்றன. அது நியாயமில்லை. மனதைப் பற்றி நடத்தைவாதிகள் சொன்னதில் ஏறக்குறைய பாதி உண்மை. அந்தப் பாதியை நாம் இன்னும் முழுதாக உள்வாங்கிக்கொள்ளவில்லை. மறுபாதி தவறு. அதே தவறு, தத்துவமே படிக்காதவர்கள் கையில், பச்சைக் குழந்தைகளின் உடம்பில் வந்து விடிந்திருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடலாம். நடத்தைவாதம் என்றதும் பலருக்கு உளவியல் பாடம்தான் நினைவுக்கு வரும்: ஜான் வாட்சன், பி.எஃப். ஸ்கின்னர், பெட்டிக்குள் நெம்புகோலை அழுத்தும் எலி. 1913-இல் வாட்சன் கேட்டது ஆராய்ச்சி முறை பற்றிய கேள்வி. உள்ளே என்ன நடக்கிறது என்று ஆளாளுக்குச் சொல்வதை நம்பி அறிவியல் செய்ய முடியாது, வெளியே தெரிவதை அளப்போம் என்றார் அவர். தத்துவ நடத்தைவாதம் வேறு. அது சொற்களின் பொருளைப் பற்றியது. ‘வலி’, ‘கோபம்’, ‘நம்பிக்கை’, ‘புத்திசாலி’ போன்ற சொற்களை ஒருவர்மேல் ஏற்றிச் சொல்லும்போது, அவர் என்ன செய்கிறார், இன்ன நிலைமை வந்தால் என்ன செய்வார் என்பதைத்தான் சொல்கிறோம். உள்ளே ஒளிந்திருக்கும் ஏதோ ஒன்றைப் பற்றி அல்ல என்பது அதன் வாதம். வாட்சன் சொல்வதை ஏற்று இதை மறுக்கலாம். இதை ஏற்று ஸ்கின்னரை மறுக்கவும் செய்யலாம்.

ஒளிந்திருக்கும் ஏதோ ஒன்று என்ற எண்ணம் எப்படி இவ்வளவு வேரூன்றியது? அதற்கு 17-ஆம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும். உலகில் இரண்டே வகைப் பொருள்கள் என்றார் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெக்கார்ட்: இடத்தை அடைத்துக்கொண்டு, சிந்திக்காமல் கிடக்கும் உடல், இடத்தையே அடைக்காத, சிந்திக்கிற மனம். இந்த இருமைவாதத்தின் பலவீனத்தை அவருக்கு நேராகவே சுட்டிக்காட்டியவர் பொஹீமிய இளவரசி எலிசபெத். நாட்டை இழந்த அவரது குடும்பம் அப்போது நெதர்லாந்தின் ஹேக் நகரில் அடைக்கலம் புகுந்திருந்தது. 1643 மே மாதம், 24 வயதில், டெக்கார்ட்டுக்கு அவர் எழுதிய கடிதத்தில் ஒரே கேள்விதான். வெறுமனே சிந்திக்கும் பொருளான ஆன்மா, உடம்பை எப்படி அசைக்க முடியும்? ஒன்றை ஒன்று தள்ள வேண்டுமென்றால் தொட வேண்டும். தொட வேண்டுமென்றால் இடம் வேண்டும். இடமே இல்லாதது எதைத் தொடும்?

டெக்கார்ட் சுற்றி வளைத்துப் பதில் எழுதினார். எலிசபெத் விடவில்லை. உருவமற்ற ஒன்று உடலை அசைக்கும் என்று ஒப்புக்கொள்வதைவிட, ஆன்மாவுக்கும் உருவம் உண்டு என்று ஒப்புக்கொள்வது எனக்கு எளிது என்று அடுத்த மாதமே எழுதினார். மனமும் உடலும் ஒன்றுபட்டிருப்பதைத் தத்துவம் பேசாத அன்றாட வாழ்வில்தான் நன்றாக உணரலாம் என்ற அளவுக்கு டெக்கார்ட் இறங்கி வந்தார். இது பதில் இல்லை என்பது இருவருக்குமே தெரிந்திருக்கும் என்றுதான் அந்தக் கடிதங்களைப் படிக்கும்போது தோன்றுகிறது. மூளையின் நடுவில் உள்ள பினியல் சுரப்பிதான் ஆன்மா உடலைத் தொடும் இடம் என்று 1649-இல் வந்த நூலிலும் அவர் வற்புறுத்தினார். இடமில்லாதது அந்தச் சுரப்பியை மட்டும் எப்படித் தொடும் என்ற கேள்வி அப்படியேதான் இருந்தது.

முந்நூறு ஆண்டுகள் கழித்து, இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதே வீண், கேள்வியே கோணல் என்று சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் கில்பர்ட் ரைல். 1949-இல் வெளிவந்த ‘மனம் என்னும் கருத்து’ என்ற அவரது நூலின் முதல் இயலுக்குப் பெயரே ‘டெக்கார்ட்டின் கட்டுக்கதை’. உடம்பு ஓர் இயந்திரம், அதற்குள் ஒரு பேய் உட்கார்ந்து ஓட்டுகிறது என்பதுதான் டெக்கார்ட்டின் கொள்கை என்று அவர் எழுதினார். வேண்டுமென்றே இழிவாகச் சொல்கிறேன் என்று ஒளிக்காமல் சேர்த்தும் எழுதினார்.

ரைல் தந்த புகழ்பெற்ற உதாரணம் ஒன்று. வெளியூர்க்காரர் ஒருவர் ஆக்ஸ்ஃபோர்டைச் சுற்றிப் பார்க்க வருகிறார். கல்லூரிகள், நூலகங்கள், மைதானங்கள், அலுவலகங்கள் எல்லாவற்றையும் காட்டி முடித்ததும், “எல்லாம் பார்த்தாச்சு, பல்கலைக்கழகம் எங்கே?” என்று கேட்கிறார். பல்கலைக்கழகம் என்பது இன்னொரு கட்டடம் இல்லை. பார்த்தவை எல்லாம் ஒன்றாக இயங்கும் விதத்துக்குத்தான் அந்தப் பெயர். ஒரு வகையைச் சேர்ந்ததை இன்னொரு வகையில் சேர்த்துத் தேடும் இந்த வகைப்பிழையைத்தான் டெக்கார்ட் செய்தார் என்றார் ரைல். ஒருவர் பேசுவது, கணக்குப் போடுவது, தயங்குவது, திருத்திக்கொள்வது எல்லாவற்றையும் பார்த்த பிறகும் “மனம் எங்கே?” என்று கேட்டால், அதுவும் இந்த வெளியூர்க்காரரின் கேள்விதான்.

இந்த நூலில் என்னை இன்றும் அசைக்கிற பகுதி அறிவைப் பற்றியது. ஒரு செயலைப் புத்திசாலித்தனமாகச் செய்வது என்றால், முதலில் மனதுக்குள் விதியை நினைத்துப் பார்த்து, அப்புறம் கையால் அதைச் செய்வது என்று நாம் எண்ணுகிறோம். ரைல் இதை உடைத்த விதம் அழகானது. விதியை நினைப்பதும் ஒரு செயல்தானே? அதையும் புத்திசாலித்தனமாகவோ மூடத்தனமாகவோ செய்யலாம். பொருத்தமான விதியைப் பொருத்தமான நேரத்தில் நினைக்க வேண்டும். அப்படியானால் அதற்கு முன்னால் இன்னொரு நினைப்பு, அதற்கும் முன்னால் வேறொன்று என்று முடிவில்லாமல் பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். எந்தச் செயலும் தொடங்கவே தொடங்காது. ஆகவே செய்யத் தெரிவது, செய்தியாகத் தெரிவதன் நிழல் அல்ல. அது தனி அறிவு.

பலகாரம் போடுகிற ஒருவர் பாகு காய்ச்சுவதை நின்று பார்த்தால் இது விளங்கும். கரண்டியிலிருந்து ஒரு சொட்டை ஆறவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, விரல்களை மெல்ல விரிக்கிறார். இழை அறுந்தால் “இன்னும் கொஞ்சம்” என்று அடுப்பைப் பார்க்கிறார். அறாமல் நீண்டால், கம்பிப்பதம் வந்துவிட்டது, உடனே இறக்க வேண்டும். அன்றைக்குச் சர்க்கரை கொஞ்சம் ஈரமாக இருந்தால் அவருடைய கை அதற்கேற்ப மாறுகிறது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால் பாதி நேரம் சொல்லத் தெரியாது. அவருடைய அறிவு எங்கே இருக்கிறது? அந்த விரல் விரிப்பில், அந்தக் காத்திருப்பில், தப்பினால் திருத்துவதில். தலைக்குள் எழுதி வைத்த ஒரு குறிப்பைப் பார்த்து விரல் நகல் எடுக்கிறது என்று சொல்லத் தேவையே இல்லை. கையால் வேலை செய்கிறவர்களுக்கு அறிவு இல்லை, அறிவு என்பது சொல்லாக வருவது மட்டுமே என்று நினைக்கிற பழக்கம் நம் பள்ளிக்கூடங்களில் ஆழமாக ஊறியிருக்கிறது. அதற்கு எதிராக எழுதப்பட்ட மிக உறுதியான பக்கங்களில் ரைலின் அந்தப் பக்கங்களும் உண்டு.

தன்னை அறிவது பற்றியும் ரைல் துணிந்து ஒன்று சொன்னார். என்னைப் பற்றி நான் தெரிந்துகொள்ளும் விஷயங்களும், பிறரைப் பற்றித் தெரிந்துகொள்ளும் விஷயங்களும் ஒரே வகை. தெரிந்துகொள்ளும் வழிகளும் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்கும்போது அபத்தமாகத் தெரியும். ஆனால் பொறாமை, சோம்பல், கர்வம் போன்றவற்றை எடுத்துக்கொண்டால் அவர் சொல்வது பெரிதும் உண்மை. தம்பிக்கு வேலை கிடைத்த அன்று அண்ணனின் முகம் வாடியதை வீட்டில் எல்லோரும் கவனித்திருப்பார்கள், “எனக்கென்ன பொறாமை?” என்று அண்ணன் மட்டும் மனமாரச் சொல்வார். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று நாம் சொல்வது இதைத்தான். நம் குணங்களைப் பொறுத்தவரை நாமே இறுதி நீதிபதி இல்லை.

இதே காலத்தில் கேம்பிரிட்ஜில் விட்கன்ஸ்டைன் என்ற தத்துவ அறிஞர் வேறொரு பக்கத்திலிருந்து அருகே வந்துகொண்டிருந்தார். அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து 1953-இல் வெளிவந்த நூலில் அவர் எழுப்பிய கேள்வி, ‘வலி’ என்ற சொல்லை ஒரு குழந்தை எப்படிக் கற்கிறது என்பது. குழந்தை விழுகிறது, முட்டி சிராய்த்து அழுகிறது. “வலிக்குதா கண்ணு?” என்று அம்மா ஊதிவிடுகிறார். அழுகை இருந்த இடத்தில் மெல்ல மெல்லச் சொல் வந்து உட்காருகிறது. வெளியே தெரிகிற எதுவுமே இல்லாமல் ஆளுக்கொரு பெட்டிக்குள் பூட்டிய அந்தரங்கம் மட்டும்தான் வலி என்றால், அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுக்கவே முடியாது. ஆனால் விட்கன்ஸ்டைன் தன்னை நடத்தைவாதி என்று ஒப்புக்கொள்ளவில்லை. வேடமிட்ட நடத்தைவாதிதானே நீ என்ற கேள்வியை அவரே நூலுக்குள் எழுப்பி, விலகிக்கொள்கிறார். அந்த விலகலில் நியாயம் இருக்கிறது. வெளி அடையாளம் இல்லாமல் வலி என்ற சொல் பிறந்திருக்காது என்பது ஒரு கூற்று. வெளி அடையாளம்தான் வலி என்பது முற்றிலும் வேறொரு கூற்று. நடத்தைவாதம் வழுக்கி விழுந்தது இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

எதிர்ப்புகளுக்கு வருவோம். முதலாவது தர்க்க வழியில் வந்தது. 1957-இல் பீட்டர் கீச், ரோடரிக் சிஷோம் என்ற தத்துவ அறிஞர்கள் இருவரும் தனித்தனியாக இதை முன்வைத்தார்கள். உதாரணம் என்னுடையது: மழை வரும் என்று ஒரு பெண்மணி நம்புகிறார். இந்த நம்பிக்கையை நடத்தையாகப் பெயர்த்துச் சொல்லுங்கள் பார்ப்போம். மொட்டை மாடியில் காயும் வடகத்தை அள்ளிக்கொண்டு வருவார் என்பீர்கள். அந்த வடகம் நனையக்கூடாது என்று அவர் விரும்பினால்தான் அள்ளுவார். பிடிக்காத மாமியார் காயவைத்தது, நனைந்தால் நனையட்டும் என்று நினைத்தால் பேசாமல் உட்கார்ந்திருப்பார். சரி, விருப்பத்தையும் சேர்த்துக்கொள்வோம் என்றால், அந்த விருப்பத்தை எப்படி நடத்தையாகப் பெயர்ப்பது? மழை வரும் என்று நம்பினால் அள்ளுவார் என்றுதான் சொல்ல முடியும். நம்பிக்கையை விளக்க விருப்பம் வேண்டும், விருப்பத்தை விளக்க நம்பிக்கை வேண்டும். மனச் சொற்களை முற்றாக நீக்கிவிட்டு நடத்தையையும் உடல் மாற்றங்களையும் மட்டும் வைத்துப் பெயர்க்கலாம் என்ற ஹெம்பலின் கனவு இங்கே நின்றுபோகிறது. ஹெம்பலே பிற்காலத்தில் அதைக் கைவிட்டார்.

இரண்டாவது எதிர்ப்பு அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஹிலரி புட்னத்துடையது. 1960-களின் தொடக்கத்தில் வந்தது. வலியைக் காட்டுவது கேவலம் என்று கருதும் ஒரு சமூகத்தைக் கற்பனை செய்யச் சொன்னார். வலி தாங்குவதற்குப் பேர்போன பழைய கிரேக்க ஸ்பார்ட்டா வீரர்களையும் மிஞ்சியவர்கள். முனகமாட்டார்கள், முகம் சுளிக்கமாட்டார்கள். கேட்டால் மட்டும் “ஆமாம், தாங்க முடியாத வலி” என்று சாதாரணக் குரலில் சொல்வார்கள். அடுத்த படியில் அந்த வார்த்தையும் போய்விடுகிறது. வலியைப் பற்றிப் பேசுவதையே பல தலைமுறைகளாக விட்டுவிட்டவர்கள். அவர்களுக்கும் வலி இருக்கலாம் என்று நம்மால் முரண்பாடில்லாமல் நினைக்க முடிகிறதென்றால், வலி வேறு, அதன் நடத்தை வேறு. நோயையும் நோயின் அறிகுறியையும் குழப்பிக்கொள்ளக்கூடாது என்பதே புட்னத்தின் சாரம்.

இது கற்பனை என்று ஒதுக்குவதற்கில்லை. புட்னம் எழுதுவதற்கு முன்பே, ரைலின் நூல் வருவதற்கும் முன்பே, ஒரு மருத்துவர் இதைத் தன் உடம்பிலேயே செய்து பார்த்துவிட்டார்.

தென் அமெரிக்கப் பழங்குடி மக்கள் அம்பு முனையில் தடவிய குரேரே என்ற நஞ்சு தசைகளைச் செயலிழக்க வைக்கும். 1942 ஜனவரியில் மான்ட்ரியால் நகரில் ஹெரால்ட் கிரிஃபித், எனிட் ஜான்சன் இருவரும் அதை அறுவைச் சிகிச்சையில் தசை தளர்த்தும் மருந்தாகப் பயன்படுத்தினார்கள். அது பரவியதும் ஒரு சந்தேகம் எழுந்தது: குரேரே மயக்கத்தையும் தருகிறதா, அசைவை மட்டும்தான் நிறுத்துகிறதா? நோயாளி அசையாமல் கிடக்கிறார். வலியின் எந்த அடையாளமும் இல்லை. அமெரிக்காவின் யூட்டாவில் ஸ்காட் ஸ்மித் என்ற மயக்கவியல் மருத்துவர் தனக்கே அதைச் செலுத்தச் சொன்னார். மூச்சுத் தசைகளையும் நிறுத்தும் அளவைத் தாண்டி மருந்து ஏறியது. சக மருத்துவர்கள் செயற்கைச் சுவாசம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் பேச்சு போனது, பிறகு கைவிரல், பிறகு புருவம் வரை போனது. கேள்விக்கு விடையாக அசைக்க ஒரு தசையும் மிஞ்சவில்லை. மருந்து இறங்கியபின் அவர் எழுந்து சொன்னார்: எல்லாம் தெரிந்தது. சுற்றி நடந்தது, பேசியது, குத்தியபோது வலித்தது, அனைத்தும். 1947-இல் அந்த ஆய்வு வெளியானது.

ஹெம்பலின் பட்டியலில் நடத்தையைச் சொல்லும் வரிகளை அந்த நிமிடத்தில் ஸ்மித்தின் படுக்கையருகே எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். அழுகை இல்லை, கை அசைவு இல்லை, கேட்டால் பதில் இல்லை. வலி மட்டும் இருந்தது.

ரைல் பக்கம் நின்று இதற்கு ஒரு பதில் சொல்லலாம். நடத்தை என்றால் இப்போது நடப்பது மட்டும் இல்லை. ‘இன்ன நிலைமை வந்தால் இன்னது செய்வார்’ என்ற இயல்பும் சேர்த்திதான். கண்ணாடி உடையக்கூடியது என்று சொல்ல அது உடைந்துகொண்டே இருக்க வேண்டியதில்லை, அடித்தால் உடையும் என்பதே போதும். அதுபோல, தசை வேலை செய்திருந்தால் ஸ்மித் கத்தியிருப்பார். இந்தப் பதில் சாதாரணமானதல்ல. ஆனால் ஒரு படி மேலே கேளுங்கள். அடித்தால் கண்ணாடி ஏன் உடைகிறது, இரும்பு ஏன் உடைவதில்லை? கண்ணாடியின் உள் அமைப்பு அப்படி. ‘உடையக்கூடியது’ என்ற சொல் அந்த அமைப்பைப் பற்றி நமக்கு எதுவும் சொல்லாமல் இருக்கலாம். அமைப்பு இல்லாமல் இயல்பு இல்லை. தசை வேலை செய்திருந்தால் ஸ்மித் கத்தியிருப்பார் என்பது உண்மையென்றால், அதை உண்மையாக்குகிற ஏதோ ஒன்று அந்த நேரத்தில் அவருக்குள் இருந்தாக வேண்டும். அதைத்தான் நாம் வலி என்கிறோம். நடத்தைவாதத்தைக் காப்பாற்ற வந்த இயல்பு என்ற கருத்தே நம்மை உடம்புக்குள் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் டேவிட் ஆம்ஸ்ட்ராங் 1968-இல் இந்த வழியை விரிவாக எழுதினார்.

அந்த வழியை முதலில் திறந்தவர்கள் ரைலிடமே பயின்றவர்கள். யு.டி. பிளேஸ், ஜே.ஜே.சி. ஸ்மார்ட் இருவரும் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்குப் போய் அங்கே வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஸ்மார்ட் அப்போது முழு நடத்தைவாதி. பிளேஸ் அவரை மாற்றினார். 1956-இல் பிளேஸும் 1959-இல் ஸ்மார்ட்டும் எழுதிய கட்டுரைகள், உணர்வுகள் என்பவை மூளை நிகழ்வுகளே என்ற கொள்கையை நிறுவின. பிளேஸின் கட்டுரையில் பலரும் கவனிக்காமல் தாண்டிவிடும் ஓர் இடம் உண்டு. அறிவது, நம்புவது, புரிந்துகொள்வது போன்றவற்றுக்கு ரைல் சொன்ன விளக்கமே சரி என்று அவர் ஒப்புக்கொள்கிறார். வலி, நிறம் தெரிவது, மனக்கண்ணில் காண்பது போன்றவற்றுக்கு மட்டும்தான் அது போதாது என்கிறார். பாதி சரி, பாதி தவறு என்று நான் மேலே சொன்ன கணக்கை இந்தக் கூட்டத்திலேயே மிகத் தெளிவாகப் போட்டவர் அவர்தான். 2000-இல் இறந்தபோது தன் மூளையை அடிலெய்டு பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டுப் போனார், யு.டி. பிளேஸின் பிரக்ஞை இந்த மூளைக்குள்தான் இருந்ததா என்ற கேள்வியோடு அது அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டது.

மூளைக் கொள்கைக்கும் சிக்கல் வந்தது. வலி என்பது மனித மூளையின் ஒரு குறிப்பிட்ட நிகழ்வு என்றால், முற்றிலும் வேறு மூளை அமைப்புள்ள ஆக்டோபஸுக்கு வலிக்காதா என்று 1967-இல் புட்னம் கேட்டார். எதனால் ஆனது என்பதைவிட, உள்ளே என்ன வேலை செய்கிறது என்பதே மனநிலையைத் தீர்மானிக்கிறது என்ற செயற்பாட்டுவாதம் அதிலிருந்து எழுந்தது. அது தனிக் கதை.

பச்சைக் குழந்தைகள் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். 1980-கள் வரைக்கும் பல மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளுக்கு முழு வலி மருந்து கொடுக்காமலேயே அறுவைச் சிகிச்சை நடந்தது. மருந்தை அந்தச் சின்ன உடம்பு தாங்காது என்ற பயம் ஒரு காரணம். குழந்தையின் நரம்பு மண்டலம் முதிரவில்லை, அதன் அசைவெல்லாம் வெறும் அனிச்சைச் செயல், உண்மையான வலி கிடையாது என்ற நம்பிக்கை இன்னொன்று. தசை தளர்த்தும் மருந்து கொடுத்தபின் குழந்தை அசைவதும் இல்லை. அசையாத குழந்தை வலியில்லாத குழந்தையாகத் தெரிந்தது.

இந்தூரில் மருத்துவம் படித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டு வந்த கே.ஜே.எஸ். ஆனந்த், அறுவைச் சிகிச்சை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் திரும்பும் குழந்தைகள் வெளிறி, நாடி தளர்ந்து, மோசமான நிலையில் வருவதைக் கவனித்தார். 1987-இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இதயத்தருகே அறுவைச் சிகிச்சை செய்யப்பட்ட குறைமாதக் குழந்தைகள் எல்லோருக்கும் வழக்கமான மயக்க வாயுவான நைட்ரஸ் ஆக்ஸைடும் குரேரே வகை மருந்தும் கொடுக்கப்பட்டன. ஒரு பிரிவுக்கு மட்டும் கூடுதலாக ஃபென்டனில் என்ற வலிநீக்கி. அசைவில் பார்த்துச் சொல்ல ஒன்றும் இல்லை. இரத்தத்தில் இருந்தது. வலிநீக்கி கிடைக்காத குழந்தைகளின் அழுத்த ஹார்மோன்கள் மிக அதிகமாக ஏறியிருந்தன. அறுவைக்குப் பின் சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். ரைல் வாழ்ந்து பாடம் நடத்திய அதே ஊரில், அவர் இறந்து பதினோரு ஆண்டுகளுக்குப் பின் வந்த முடிவு இது. முழு வலி மருந்தில்லாமல் அறுவைச் சிகிச்சை செய்த அந்த மருத்துவர்கள் யாரும் ரைலைப் படித்துவிட்டு அப்படிச் செய்யவில்லை. அடையாளம் இல்லாவிட்டால் வலி இல்லை என்று எண்ணுவது அவ்வளவு எளிது, அவ்வளவுதான்.

ஆனாலும் குழந்தையின் வலியை இன்று தினசரி எப்படி அளக்கிறார்கள்? பெரும்பாலும் நடத்தையை வைத்துத்தான். 1997-இல் உருவான ஓர் அளவுகோலில் முகம், கால்கள், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 10. செவிலியர் கட்டிலருகே நின்று குழந்தையைப் பார்த்து எண்ணைக் குறிக்கிறார். ஹெம்பலின் பட்டியல் இங்கே உயிரோடு இருக்கிறது. ஒரே வேறுபாடு, இது வலியைக் கண்டுபிடிக்கும் வழிதான், வலியே அல்ல என்று செவிலியருக்குத் தெரியும். சர்வதேச வலி ஆய்வுச் சங்கமும் 2020-இல் வலிக்கான தன் வரையறையைத் திருத்தியபோது இதைக் குறிப்பாகச் சேர்த்தது: வாயால் சொல்வது வலியை வெளிப்படுத்தும் பல நடத்தைகளில் ஒன்று மட்டுமே, சொல்ல முடியாததால் ஒரு மனிதருக்கோ விலங்குக்கோ வலி இருக்க வாய்ப்பில்லை என்று ஆகிவிடாது.

எதிர்த் திசையிலும் இதே கேள்வி இப்போது நம் கையில் இருக்கிறது. இயந்திரம் சிந்திக்குமா என்று குழம்புவதை விட்டுவிட்டு, உரையாடலில் மனிதரிடமிருந்து பிரித்தறிய முடியாதபடி அது பதில் சொல்கிறதா என்று பார்ப்போம் என கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங் 1950-இல் எழுதினார். அந்தக் கட்டுரை வெளியான ‘மைண்ட்’ இதழின் ஆசிரியர் அப்போது ரைல்தான். 1981-இல் நெட் பிளாக் என்ற தத்துவ அறிஞர் அதற்கு ஒரு மறுப்பு வைத்தார். குறிப்பிட்ட நேர உரையாடலில் வரக்கூடிய எல்லாக் கேள்விக்கும் பொருத்தமான பதில்களை முன்பே எழுதி அடுக்கிவைத்த இயந்திரம் ஒன்று இருந்தால், அது புத்திசாலி மாதிரியே பேசும். உள்ளே புத்தி என்று சொல்ல ஒன்றும் இருக்காது. பதில் எப்படிப் பிறக்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். இன்றைய உரையாடல் செயலிகள் பிளாக் கற்பனை செய்த அடுக்குப் பெட்டி அல்ல. அவற்றின் பேச்சை மட்டும் வைத்து உள்ளே உணர்வு உண்டு என்றோ இல்லை என்றோ தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதற்கு அவருடைய வாதம் போதும்.

பேசவே முடியாதவர்கள் விஷயத்தில் கருவிகள் கொஞ்சம் முன்னே போயிருக்கின்றன. சாலை விபத்தில் மூளை அடிபட்டு, எந்தச் சொல்லுக்கும் பதில் காட்டாமல் கிடந்த 23 வயதுப் பெண் ஒருவரை, மூளை இயங்குவதைப் படம்பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டு அறைகளில் நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று மாறிமாறிச் சொன்னார் நரம்பியல் ஆய்வாளர் ஏட்ரியன் ஓவென். 2006-இல் வெளியான முடிவு: ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய மூளைப் பகுதி, நலமாக இருப்பவர்களுக்கு இயங்குவது போலவே இயங்கியது. ஆனால் அந்தப் பகுதி இயங்கினால் டென்னிஸ் நினைப்பு என்று எப்படித் தெரியும்? நலமாக இருப்பவர்களைக் கருவிக்குள் படுக்கவைத்து நினைக்கச் சொன்னார்கள். சொன்னபடி நினைத்தேன் என்று அவர்கள் வெளியே வந்து சொல்ல முடிந்தது. மூளைப் படத்தைப் படிக்க நமக்கு இருக்கும் அகராதியே பேசவும் அசையவும் முடிந்தவர்களிடமிருந்து வந்ததுதான். விட்கன்ஸ்டைன் சொன்ன பாதி இங்கேயும் விலகவில்லை.

அந்த அகராதிக்கு எல்லை உண்டு. 2024-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த பெரிய ஆய்வில், படுக்கையருகே எந்தக் கட்டளைக்கும் பதில் காட்டாத 241 பேரைச் சோதித்தார்கள். 60 பேர், அதாவது நால்வரில் ஒருவர், சொன்னதைப் புரிந்துகொண்டு மனதுக்குள் செய்வதை மூளைப் பதிவுகள் காட்டின. அதே ஆய்வில், கண்ணுக்குத் தெரியும்படி கட்டளைக்குப் பதில் காட்டிய 112 பேரும் இருந்தார்கள். அவர்களிலேயே கருவியின் சோதனையில் தேறியவர்கள் 43 பேர் மட்டும்தான். கையை அசைத்துக் காட்டுகிறவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோரைக் கருவி தவறவிடுகிறது என்றால், மீதமுள்ள 181 பேரைப் பற்றிக் கருவி மௌனமாக இருப்பதை ‘உள்ளே யாரும் இல்லை’ என்று யாரும் படித்துவிட முடியாது.